பொட்டு வச்ச பிறை

உக்காருங்க தம்பி, நான் சன்னல் ஓரம் நகர்ந்துக்கிறேன். இந்தப் பையை மட்டும் மேல வைக்கச் சொல்லாதீங்க, மடியிலயே இருக்கட்டும். கோடிச் சேலை இருக்கு. டிக்கெட் வாங்கிட்டீங்களா? அதை ஏன் கையில வச்சுச் சுருட்டுறீங்க, சட்டைப் பையில போடுங்க. வழியில ஏறிக் கேட்டா எடுத்துக் காட்டணும்ல. முப்பத்தேழு வருசம் பஸ்ல குப்பை கொட்டினவன் நான். கண்டக்டராச் சேர்ந்து செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனேன். பழக்கம் போக மாட்டேங்குது.

ஆமா, சாவு வீட்டுக்குத்தான். எங்கக்கா. வேலுத்தாய்னு பேரு. காலையில ஆறு மணிக்குப் போன் வந்துச்சு. கூடப் பொறந்தவ அவ ஒருத்திதான். பொறந்த வீட்டுக் கோடி போர்த்தாமப் பாடையை எடுக்க மாட்டாங்க. அதனால நான் போயே ஆகணும்.

பூசணூத்துல இறங்கணும். நீங்க? அதுக்கும் அங்கிட்டா, சரி. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. உங்களுக்குத் தூக்கம் வந்தாச் சொல்லிருங்க, நிறுத்திக்கிறேன். எனக்கு யாருகிட்டயாவது ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கணும். அங்க போயி நாலு பேருக்கு முன்னாடி சொல்ல வேண்டியிருக்கு. வாய் குழறாம வரணும்ல.

எங்கக்கா என்னோட பேசி முப்பத்திநாலு வருசம் ஆகுது. நடுவுல ஒரே ஒரு தடவை பேசினா. அதுவும் இந்தப் பங்குனியில, எங்க மச்சான் சுருளியாண்டி செத்துப் பதினாறாம் நாள் கருமாதி அன்னிக்கு. தாலியறுத்தவளுக்கு அண்ணன் தம்பி கோடி கொண்டு போகணும் இல்லையா? கொண்டு போனேன். இதே சேலைதான், பிரிக்கக்கூட இல்லை, சந்தனக் கலர், அவளுக்குப் பிடிச்ச கலர். ஊரே கூடி இருக்கு. நான் தட்டை நீட்டுறேன். அவ வாங்கலை. என் மூஞ்சியை நேராப் பாத்துச் சொன்னா: "ஆபீஸ்ல குறிப் புத்தகம் இருக்கு பெத்தணா. அதைப் போய்ப் பாத்துட்டு வா. பாத்ததை இதே இடத்துல நின்னு சொல்லு. அப்புறம் வாங்கிக்கிறேன்."

பெத்தணசாமிங்கிறது என் பேரு. அத்தனை பேருக்கு நடுவுல, நீட்டின கையோட நிக்கிறேன் தம்பி. ரிட்டயர் ஆன இன்ஸ்பெக்டர். அன்னிக்கு எனக்கு வந்த கோவம் இருக்கே. சரி, பாத்துட்டே வர்றேன், பாத்து உன் புருசன் யோக்கியதையை அந்தப் புத்தகத்தாலயே காட்டுறேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் இறங்கினேன்.

என்ன புத்தகம்னு கேக்குறீங்களா? நீங்க மலை மாடு பாத்திருக்கீங்களா? எங்க ஊரு சங்கிலிப்பாறை, மலையடிவாரம். வீட்டுல கட்டிப்போட்டுத் தவிடு வைக்கிற மாடு இல்லை எங்களுது. மழை விழுந்ததும் மலைக்கு ஓட்டிருவோம். அங்கயே பட்டி போட்டு மேயும், தை மாசம்தான் கீழ இறங்கும். நாலஞ்சு ஊர் மாடு கலந்து மேயும்போது எது யாரு மாடுன்னு எப்படித் தெரியும்? தொடையில போட்ட சூட்டுக் குறிதான். ஒரு வீட்டுக்கு ஏணி, ஒரு வீட்டுக்குச் சீப்பு, இன்னொருத்தருக்குத் தேளு. எங்க வீட்டுக்குப் பிறை. மச்சான் வீட்டுக்குச் சாவி. இதையெல்லாம் யூனியன் ஆபீஸ்ல ஒரு பெரிய புத்தகத்துல வரைஞ்சு, ஆளு பேரெழுதிப் பதிஞ்சு வச்சிருந்தாங்க. மாட்டுச் சண்டை வந்தா அதைப் பாத்துத்தான் தீர்ப்பு.

எங்க சண்டை வந்தது தொண்ணூத்தொண்ணுல. எங்கய்யா பெரியகாளை செத்து மூணு வருசம். நான் பஸ்ல போயிட்டதால மாட்டுக்குக் கூலிக்கு ஆள் விட்டிருந்தேன். தை மாசம் மாடு இறங்குனப்ப நாலு உருப்படி குறையுது. மேய்ச்சவனைக் கேட்டாப் புலி அடிச்சிருக்கும்கிறான். நாலையுமா அடிக்கும்? நான் நேரா மச்சான் பட்டிக்குப் போனேன். ஏன் அங்க போனேன்னு கேக்காதீங்க. போனேன். அவருக்கு மாட்டுல அப்படி ஒரு கைராசி. எங்கய்யா சாகிற வரைக்கும், ஒரு கன்னுக்குட்டிக்குக் கழிச்சல்னாக்கூட, "சுருளியைக் கூப்பிடு"ம்பார். பெத்த மகன் நான் பக்கத்துல நிப்பேன். நின்னுக்கிட்டே இருப்பேன்.

அங்க நாலு செவலை நிக்குது. சாவிக் குறி மாட்டுக்கு நடுவுல, வலது தொடையில பிறை போட்ட மாடு நாலு. பிறைக்குக் கீழ ஒரு பொட்டு. திருட்டு மாடு பிடிக்கிறவன் செய்யிற வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியாது. சூடு போட்டதை அழிக்க முடியாது. அதனால கூட ஒரு கோடு இழுப்பான், ஒரு பொட்டு வைப்பான், வேற குறி ஆக்கிருவான். எங்க பக்கம் இதைத் தெரியாத ஆளு கிடையாது. நான் பாத்ததும் பிடிச்சிட்டேன். என் கண்ணு தப்பாதுன்னு டிப்போவுல பேரு.

மச்சான் என்ன சொன்னார்? "மாப்ளே, இது உங்கக்கா மாடு. உங்கய்யா கொடுத்த கிடேரி ஈனினது"ன்னார். எங்கய்யா கொடுத்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா? போலீஸ்ல எழுதிக் கொடுத்தேன். அதுக்கு முன்னாடி ஊர்க்கூட்டத்துலயும் வச்சேன். அந்தப் பொட்டை என் வாழ்நாள்ல பாத்ததில்லைன்னு, அம்மன் கோயில் வாசல்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினேன். எங்கக்கா ஒரு ஓரமா நின்னா. அவ என்னையத் தவிர வேற யாரையும் பாக்கலை. "புத்தகத்தைப் பாரு பெத்தணா" அப்படின்னா. அவ்வளவுதான். மூணு தடவை சொன்னா. வேற ஒரு வார்த்தை சொல்லலை.

புத்தகத்தைப் பாக்கப் போலீஸ்காரர் ஒருத்தர் போயித்தான் வந்தார். ஆபீஸ் மாத்துனதுல அது எங்க கிடக்குன்னு தெரியலைன்னு சொல்லிட்டாங்களாம். மச்சானைப் பதினோரு நாள் சப்-ஜெயில்ல வச்சிருந்தாங்க. அப்புறம் கேஸ் நிக்கலை, சாட்சி பத்தாதுன்னு விட்டுட்டாங்க. கோர்ட்டு விட்டா ஊர் விடுமா? மாட்டுத் திருடன்னு ஒட்டினது ஒட்டினதுதான். அந்த நாலு மாட்டையும் நான் ஓட்டிட்டு வந்துட்டேன். அவர் மலைக்குப் போறதையே விட்டுட்டார். இருந்த மாட்டையும் தள்ளிவிட்டுட்டு, கொப்பரைக் களத்துல தேங்காய் உடைக்கப் போனார். மாட்டுக்கு நாடி பாத்த கை தம்பி அது.

அடுத்த வருசம் மேல ஓடைக்குள்ள நாலு மாட்டு எலும்பு கிடக்குதுன்னு யாரோ வந்து சொன்னாங்க. சொன்னா? எலும்புல குறி இருக்குமா?

என் பஸ்லதான் ஏறுவார். வேற பஸ் கிடையாதே அந்த ஊருக்கு. சீட்டுக் காலியா இருந்தாலும் உக்கார மாட்டார், பின் படிக்கட்டுப் பக்கம் நின்னுக்கிட்டே வருவார். நான் இன்ஸ்பெக்டர் ஆன பிறகும் ஒரு தடவை ஏறி டிக்கெட் கேட்டேன். மச்சான்னு தெரிஞ்சுதான் கேட்டேன். வேலைன்னு வந்துட்டா ஆள் பாக்க முடியுமா? நாலா மடிச்சு வேட்டி முடிச்சுல வச்சிருந்தார். அவுத்து எடுத்து நீட்டினார். இத்தனைக்கும் நான் அவருக்கு முன்னாடி நின்ன ரெண்டு பேருகிட்டக் கேக்கவே இல்லை.

சரி, புத்தகத்துக்கு வர்றேன். சித்திரைக் கடைசியில தகவல் உரிமைச் சட்டத்துல மனுப் போட்டேன். மேற்படி பதிவேடு இவ்வலுவலகத்தில் கிடைக்கப்பெறவில்லைன்னு பதில் வந்துச்சு. நம்மகிட்டயா? நேர்ல போயி உக்காந்துட்டேன். அங்க ரெக்கார்டு பாக்கிற அம்மா, அமுதவல்லின்னு பேரு, முதல்ல என்னையப் பாத்தாலே சலிச்சுக்கும். நான் தினம் போறதைப் பாத்துப் பாத்து மனசு இரங்கி, பின்னாடி பழைய பவுண்டுக் கட்டடத்துச் சாவியைக் கொடுத்துச்சு. வெள்ளாமையில மேஞ்ச மாட்டை ஒரு காலத்துல அடைச்சு வச்ச கட்டடம் அது. இப்ப ஒடைஞ்ச நாற்காலி, பழைய ஓட்டுப் பெட்டி, நடுவுல சிவப்புத் துணியில கட்டின மூட்டை மூட்டையாக் காகிதம். மூக்கில துண்டைக் கட்டிக்கிட்டு ஒவ்வொரு கட்டா அவுத்தேன். ஆனி பூரா அதுலயே போச்சு. ஆடி நடுவுல, பிறப்பு இறப்புக் கட்டுக்கு அடியில, அந்தக் குறிப் புத்தகம் கிடைச்சது. இவ்வளவு நீளம். ராமபாணப் பூச்சி அரிச்சு ஓரமெல்லாம் சல்லடை.

ஒரு பக்கத்துக்கு ரெண்டு மாடு வரைஞ்சிருக்கு தம்பி. யாரோ ஒரு குமாஸ்தா கையால வரைஞ்ச மாடு. எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சி, தொடையில மட்டும் குறி வேற. ஏணிக்காரங்க திருப்பூர் போயிட்டாங்க. தேள்காரர் வீட்டுல இப்ப யாருமே இல்லை. சில குறிக்கு மேல சிவப்பு மையில கோடு அடிச்சு "உருப்படி இல்லை"ன்னு எழுதியிருக்கு. நான் தேட வந்ததை மறந்துட்டு உக்காந்து உக்காந்து அதையே பாத்துக்கிட்டிருப்பேன். அந்தப் பக்கத்தையெல்லாம் புரட்டுறப்ப, இதை மச்சானுக்குக் காட்டினா ஒவ்வொரு மாட்டையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாரேன்னு ஒரு நாள் தோணிருச்சு. தோணினதும் மூடி வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

எங்கய்யா பேருல பிறை இருந்துச்சு. வெறும் பிறை. பொட்டு இல்லை. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? முதல்ல இருந்து கடைசி வரைக்கும் மூணு தடவை பாத்தேன். பொட்டு வச்ச பிறை எங்கயும் இல்லை. நகல் எடுத்துக் கொடுங்கம்மா, நாளைக்கே எங்கக்கா ஊருக்குப் போறேன்னு அமுதவல்லி அம்மாகிட்டச் சொன்னேன். அந்த அம்மா, யாரு பேருல தேடுறீங்கன்னு கேட்டுச்சு. எங்கக்கா மாடுன்னு சொல்றாங்க, அப்படி ஒண்ணு இல்லைன்னு காட்டணும்னேன். அந்த அம்மா புத்தகத்தை வாங்கி, தலைகீழாப் புரட்டிப் பின் அட்டையைத் திறந்துச்சு. "பொம்பளைங்க மாடு பின்னாடி இருந்து எழுதியிருக்கும் சார். எங்க ஆத்தா பேரும் இதுலதான் இருக்கு" அப்படின்னுச்சு.

பின்னாடி இருந்து. பொறந்த வீட்டுல பொண்ணுக்குக் கொடுத்துவிடுற மாடெல்லாம் அங்க இருக்கு. அய்யன் வீட்டுக் குறி, அதுக்குக் கீழ ஒரு பொட்டு. ஏணிக்குக் கீழ பொட்டு, சீப்புக்குக் கீழ பொட்டு. பக்கம் பக்கமாப் பொட்டு. எல்லாப் பொண்ணுக்கும் அதுதான் வழக்கமாம். ஊர்ல பெரியவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்; ஆனா இது கொடுத்த பொட்டா, திருட்டுப் பொட்டான்னு சொல்ல வேண்டிய மகனே சூடம் அணைச்சுட்டானே. புருசன் வீட்டுப் பட்டியில நின்னாலும் அது அவ மாடு, யாரும் தொடக்கூடாதுன்னு அடையாளம். ஒரு கிடேரியைக் கொடுத்தா, அது ஈனுற கன்னுக்கும் அதே குறிதான்.

நாப்பத்தொண்ணாவது பதிவு எங்கக்கா.

இதோ, நகல். சீல் வச்சு வாங்கியிருக்கேன். அடியில மடிச்சிருக்கே, அது விடுங்க, ஆபீஸ் சமாச்சாரம், தேதி அது இதுன்னு. மேல உள்ளதை வாசிக்கிறேன், சரியா வருதான்னு பாருங்க. "பெரியகாளை மகள் வேலுத்தாய். தகப்பனார் மனமுவந்து அளித்த செவலைக் கிடேரி ஒன்று. வலது தொடையில் பிறை, கீழே பொட்டு. இதன் வயிற்றில் பிறக்கும் கன்றுகளுக்கும் இதுவே குறி. உரிமை மேற்படி வேலுத்தாய்க்கு மட்டும்." எழுபத்தெட்டாம் வருசம், வைகாசி மாசம். அவளுக்குக் கல்யாணமாகி மூணாம் நாள்.

நல்லா வருதா? இதை அங்க வாசிச்சுட்டு, எனக்குத் தெரியாமப் போச்சு, மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ல? தெரியாமச் செஞ்சதுதானே. எங்கய்யா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழக்கம்னா வழக்கம், நான் பஸ்ல போனவன், எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பொட்டு எப்படி வைப்பாங்க தெரியுமா? பிறைக்கு வளைஞ்ச இரும்பு. பொட்டுக்கு நேர்க் கம்பி, நுனியை மட்டும் பழுக்கக் காய்ச்சிக்கணும். கிடேரியை ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு, பின்னங்காலை ஒருத்தன் அழுத்திப் பிடிச்சுக்கணும். சுர்ருன்னு ஒரு சத்தம்தான். துள்ளுச்சுன்னாப் பொட்டு இழுத்துக்கிட்டுப் போயிரும். இது துள்ளவே இல்லை. எங்கக்கா அதோட நெத்தியைத் தடவிக்கிட்டே, ஆச்சு தங்கம் ஆச்சு தங்கம்னு சொல்லிக்கிட்டிருந்தா, அவ கண்ணுலதான் தண்ணி.

இல்லை, நான் எங்க பாத்தேன். சொல்லக் கேட்டதுதான்.

இது கிடைச்சு எத்தனை நாளா? பதினெட்டு நாள் ஆகுது. அட, மறுநாளே வரலாம்னுதான் இருந்தேன். ஆடி மாசமா இருந்துச்சு, ஆடியில போயி எதுக்குன்னு வீட்டுல சொன்னாங்க. அப்புறம் முழங்கால் வலி. ஆவணி பொறந்ததும் ஒரு நாள் கிளம்பிப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன், கூட்டமா இருந்துச்சு, திரும்பிட்டேன். மூணு வாரமா அவளுக்கு உடம்புக்கு முடியலைன்னு காதுல விழுந்துச்சு. தேறட்டும், நல்லா இருக்கும்போது காட்டுவோம்னு இருந்தேன். படுத்துக் கிடக்கிறவகிட்டப் போயி இதை வாசிச்சா, மனசு என்ன பாடுபடும்? அவளுக்காகத்தான் யோசிச்சேன்.

நாலு நாள் முந்தி வரைக்கும் வாசல்ல சத்தம் கேட்டா, யாரு, பெத்தணனான்னு கேட்டாளாம். மருமகன் குமரேசன் காலையில போன்ல சொல்றான், அவளோட மூத்த மகன். மரியாதையாத்தான் பேசினான். "கோடி கொண்டு வாங்க மாமா. நீங்கதான் போர்த்தணும். ஆனா அம்மா சொன்னதைச் சொல்லிட்டுப் போர்த்துங்க. அது வரைக்கும் எடுக்க மாட்டோம்" அப்படின்னான். நான் சரிப்பான்னேன். வேற என்ன சொல்ல? முப்பத்திநாலு வருசம் கேட்டா. பதினெட்டு நாளா என் அலமாரியில இருந்துச்சு. அவ என் அக்கா, தம்பி. என்னைத் தூக்கி வளத்தவ. அழுகை வரலைன்னு பாத்தீங்கள்ல, இப்ப வருது பாருங்க.

அந்த மடிப்பா? அதைத்தான் பாத்துக்கிட்டே வர்றீங்க. நானும் பாத்தேன் நீங்க பாக்கிறதை. எத்தனை டிக்கெட்டை மடக்கிப் பிடிச்சவன் நான், எனக்கு இது தெரியாதா.

இருங்க, பிரிக்கிறேன்.

எங்கய்யா கைநாட்டு. அது இடது பக்கம். கைநாட்டுன்னாக் கையெழுத்துப் போடத் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சி நிக்கணும், அப்பத்தான் பதிவாங்க. வலது பக்கம் பாருங்க. சாட்சி. பெ. பெத்தணசாமி. கடைசி எழுத்துல இருந்து ஒரு வால் கீழ வரைக்கும் இறங்குது பாருங்க. பத்தொம்பது வயசுல அப்படிப் போட்டுப் போட்டுப் பழகிக்கிட்டிருந்தேன், கண்டக்டர் வேலைக்கு மனுப் போட. புதுப் பேனா. எங்கய்யா வாடான்னார், போட்டுட்டு ஓடியாந்துட்டேன். என்ன எழுதியிருக்குன்னு பாக்கவே இல்லை. அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், பாக்கலைன்னு.

அக்காவும் அங்கதான் நின்னா தம்பி. மாட்டுக்குச் சொந்தக்காரி நேர்ல வரணும். கிடேரிக் கயிறைப் பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் வேப்பமரத்தடியில நின்னா. நான் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்ததும், என்னடா வால் இவ்வளவு நீளம்னு சிரிச்சா.

அவளுக்குத் தெரியும். அன்னிக்கு ஊர்க்கூட்டத்துல, சாட்சிக் கையெழுத்தே இவன்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கயே முடிஞ்சிருக்கும். பொய்ச் சத்தியம் பண்ணினவன்னு என் மேல துப்பியிருப்பாங்க, வேலை போயிருக்கும். சொல்லலை. புருசனை ஜெயிலுக்குக் கூட்டிப் போறப்பவும் சொல்லலை. புத்தகத்தைப் பாரு, புத்தகத்தைப் பாருன்னு என்கிட்ட மட்டும் சொன்னா. நானாச் சொல்லணும்னு இருந்திருக்கா. கருமாதியில, ஊர் முன்னாடி நின்னப்பக்கூட என் பேரை அவ காட்டிக் கொடுக்கலை தம்பி.

மேளச் சத்தம் கேக்குதா? பூசணூத்து வந்திருச்சு. பந்தல் போட்டிருக்காங்க. குமரேசன் ரோட்டுக்கே வந்து நிக்கிறான், அந்தா, பச்சைத் துண்டு.

முழுசா வாசிச்சிர வேண்டியதுதான். சாட்சி வரைக்கும் வாசிச்சிரணும். அவளுக்கு அது கூடச் செய்யலைன்னா நான் என்ன மனுசன். கொஞ்சம் வழி விடுங்க, பையை எடுத்துக்கிறேன். சேலை இருக்கு. பேப்பர், பேப்பர் எங்க? கையிலதான் இருக்கு.

பாத்தீங்களா தம்பி, பேசிக்கிட்டே மறுபடியும் மடிச்சு வச்சிருக்கேன்.